தேய்மானம் போக

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் அவளும் சௌக்கியம். என் முதுகுவலி மட்டும் ஆபீஸ் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீயும் அத்தானும் என் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? போன் போட்டால் எப்போதும் உன் பெண்தான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்க மாமா", "அம்மா இப்பத்தான் கடைக்குப் போனாங்க மாமா" என்கிறாள். ஒரு மனுஷி இத்தனை தடவையா குளிப்பாள்? அதனால்தான் கடிதம்.

விஷயம் பெரியது. எங்கள் துறை இந்த வருஷம் நாடு முழுக்கச் சில ஆலைகளைப் பொறுக்கி எடுத்து அளக்கப்போகிறது. ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உற்பத்தி செய்கிறார், எந்த மிஷினில் செய்கிறார், அந்த மிஷினுக்கு என்ன வயது என்று பார்ப்பார்கள். அடுத்த பத்து வருஷத்துக்கு நாட்டின் மூலதனம் எங்கே போகவேண்டும், யாருக்குப் புது மிஷின் என்பதையெல்லாம் இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பட்டியலில் உங்கள் ஆணி ஆலையும் இருக்கிறது. நான் சேர்க்கவில்லை, தானாக விழுந்தது. ஆனால் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் இயக்குநரிடம், "எங்க அக்காவும் அத்தானும் அங்கதான் சார் வேலை பாக்குறாங்க. அந்த ஜனங்க மாதிரி உழைக்கிறவங்கள நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஆட்கள் வருவார்கள். என் மானத்தை வாங்கிவிடாதீர்கள்!

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 24

பெரிய ஆபீசர் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். முதுகுக்கு ஒத்தடம் கொடு, அந்தப் பழைய மெத்தையைத் தூக்கி எறி. உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

போனில் எனக்குப் பேச வராதடா. முகம் பார்க்காமல் பேசினால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. கடிதம் என்றால் நாலு தடவை எடுத்துப் படிக்கலாம். நீயும் எழுதியே பழகு.

உன் கடிதத்தை அத்தான் ஆலைக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டினார். எங்கள் மேஸ்திரி 'இடி'யை உனக்குத் தெரியும். அவர் சாதாரணமாகப் பேசினாலே கூரைத் தகரம் அதிரும். பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு, "நம்ம வீட்டுப் புள்ள அனுப்புற ஆளுங்க வர்றாங்க. ஒரு குறை சொல்லிட்டுப் போகக் கூடாது, ஆமா!" என்றார். அன்றைக்கே சுண்ணாம்பு வாங்க ஆள் போயாகிவிட்டது.

கம்பியை வெட்டி ஆணியின் முனையைச் சீவும் கட்டர்தான் எங்கள் மிஷினுக்கு உயிர். அது மழுங்கினால் மிஷினை நிறுத்தி, கழற்றி, சாணை பிடித்து, மறுபடி மாட்டவேண்டும். பாதி நாள் அதிலேயே போகும். புதுக் கட்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஸ்டோருக்கு வரும். மருந்து மாதிரி கிள்ளிக் கிள்ளி எடுப்போம். அத்தனையையும் அளக்கிற வாரத்துக்கென்று இடி ஒதுக்கிவிட்டார். மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் என்ற முறையில் அத்தானுக்கு மட்டும் மனசில்லை. "அப்புறம் வருஷம் முழுக்க என்ன பண்றது?" என்று கேட்டார். "புது மிஷின் வந்துட்டா இந்தக் கட்டர் யாருக்குய்யா வேணும்?" என்று இடி வாயை அடைத்துவிட்டார். அதுவும் நியாயம்தானே?

புது மிஷின் படம் ஒன்றை யாரோ ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் மூடி போட்டுப் பெட்டி மாதிரி இருக்கிறது. சத்தம் உள்ளேயே அடங்கிவிடுமாம். பக்கத்தில் நின்று பேசலாமாம். மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிற எங்கள் எண்ணெய்க்காரி, "அது பக்கத்துல நின்னு நான் பாட்டே பாடுவேன், நீங்கள்லாம் கேட்டுத்தான் ஆகணும்" என்று மிரட்டுகிறாள். போகும்போதும் வரும்போதும் அந்தப் படத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போகிறேன். சிரிக்காதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பி,

நலம்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆனாலும் சந்தோஷமான வலி. உன் ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு பேர். ஒருவர் எழுதுகிறவர். இன்னொருவர் ஒல்லியாக, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு என் பின்னாலேயே நின்றார். அவருக்குக் 'குச்சி' என்று பெயர் வைத்துவிட்டோம். பாவம், முதல் நாள் மிஷின்கள் கிளம்பியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டார். அப்புறம் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் நாங்கள் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். லீவில் இருந்தவர்கள் லீவை ரத்து செய்துகொண்டு வந்தார்கள். ஓய்வு பெற்றுப் போன கிழங்கள் பின்கட்டு வழியாக வந்து கம்பிச் சுருளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தன. சம்பளமா, பதிவேட்டில் பேரா, ஒன்றும் கிடையாது. "உன் தம்பிக்காக" என்று சொல்லிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். தண்ணீர் குடிக்கக்கூட யாரும் நகரவில்லை. கட்டர் கொஞ்சம் மழுங்கினால் போதும், அத்தான் புதுசை மாட்டிவிட்டார். ஆணி கொட்டுகிறது கொட்டுகிறது, மழை மாதிரி. குச்சி வாயைப் பிளந்துவிட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

உன் மானத்தை வாங்கவில்லை, போதுமா? மிஷின் எப்போது வரும் என்று மட்டும் எழுது.

உன் அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். முதுகு பரவாயில்லை.

உங்கள் ஆலையின் எண்கள் மேசைக்கு வந்துவிட்டன. பிரமாதம். இந்தத் தொழிலில் நாட்டிலேயே முதலிடம். இயக்குநர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். இடி மேஸ்திரிக்கு என் வணக்கத்தைச் சொல்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன் தம்பி

*

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏப்ரலில் ஒரு கடிதம் போட்டேன். அது வழியில் தொலைந்துவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது உன் கையில் கிடைக்கட்டும்.

நன்றி வந்து சேர்ந்தது. மிஷின் வரவில்லை. கட்டர் அத்தனையும் அந்த ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. தேய்ந்த கட்டரை அத்தான் சாணை பிடித்துப் பிடித்து, இப்போது பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. முனை இல்லாமல், மொட்டை மொட்டையாக ஆணி விழுகிறது. மழுங்கிய கட்டர் கம்பியை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. அப்படிப் பிய்த்தபோது தெறித்த ஒரு துண்டு எண்ணெய்க்காரியின் புருவத்தில் ஏறிவிட்டது. கண் தப்பியது. மேனேஜரிடம் போய்க் கட்டர் கேட்டால், "வருஷத்துக்குக் குடுத்ததை ஒரே வாரத்துல தின்னுட்டு இப்ப வந்து நின்னா?" என்கிறார். திங்கவா செய்தோம்?

இடி தினமும் என்னிடம் வந்து நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. அந்த மனுஷன் சத்தம் போடாமல் நிற்பதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. நான் என்னடா சொல்ல?

உன் அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் மருமகளும் சுகமா? தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை வெளியாகிவிட்டது. பொறுமையாகப் படி. ஒரு நாடு இன்றைக்குச் சாப்பிடுவதில் கொஞ்சம் குறைத்து மிச்சம் பிடித்துத்தான் நாளைக்கு மிஷின் வாங்குகிறது. அந்த மிச்சம் சொற்பம். அதை எங்கே போட்டால் அதிக விளைச்சலோ அங்கேதான் போடமுடியும். உங்கள் மிஷின்களுக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கழித்து, கணக்கில் அவற்றின் மதிப்பு பூஜ்யமாகி வெகுகாலம் ஆகிறது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு உற்பத்தி செய்கிறீர்கள் என்றால் அங்கே புது முதலீட்டுக்கு அவசரமில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. மிஷின்கள் வேறு ஆலைகளுக்குப் போகின்றன. உங்கள் முறை பத்து வருஷத்துக்குப் பிறகு பரிசீலிக்கப்படும். உங்கள் எண்ணையே எல்லா ஆணி ஆலைகளுக்கும் தர அளவாக வைக்கப்போகிறார்கள். அது ஒரு கௌரவம்தான்.

நீண்டகாலத்தில் எல்லோருக்கும் இதனால் நன்மைதான், அக்கா. மூலதனம் சேரச் சேர உற்பத்தித்திறன் கூடும், அது கூடினால் கூலியும் கூடும். வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

எனக்கு வேறு அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது. முதுகுக்கு நல்ல நாற்காலி.

உன் தம்பி

*

ஜூன் 22

ஆபீசர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை, கேட்டுத் தொலைக்கிறேன். முதுகு எப்படி? நல்ல நாற்காலி வந்துவிட்டதாமே. சந்தோஷம்.

யார் காதில் பூ சுற்றுகிறாய்?

வீட்டுக்கு விருந்தாளி வருகிறான் என்றால் நாலு வீட்டில் கடன் வாங்கி, இருக்கிற அரிசியையெல்லாம் வடித்துக் கொட்டி, நாம் பட்டினி கிடந்து அவனுக்குப் பரிமாறுகிறோம். அவன் ஏப்பம் விட்டுக்கொண்டே வாசலில் போய் நின்று, "இவங்க தினமும் இப்படித்தான் சாப்பிடுறாங்க, இவங்களுக்கு ஒண்ணும் குடுக்கவேண்டாம்" என்று ஊருக்கெல்லாம் சொன்னால் அவனை என்ன செய்யலாம்? அதைத்தான் நீ செய்திருக்கிறாய். அதோடு விட்டாயா? பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களிடமும் போய், "அந்த வீட்டுல போட்ட மாதிரியே நீங்களும் போடணும்" என்று சட்டம் போடுகிறாய். மற்ற ஆலைகளில் இருக்கிறவர்கள் எங்களை என்னவென்று சபிப்பார்கள்?

குச்சிக்குத் தெரியாது. உன் இயக்குநருக்கும் தெரியாது. உனக்கு? பள்ளிக்கூடம் விட்டு அந்த ஆலை வாசலில் அம்மாவுக்காகக் காத்து நின்றவன் நீ. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிஷின் நிற்கும், எத்தனை பேர் சாணைக்கல்லுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவன். அந்த எண்ணைப் பார்த்த கணமே உனக்கு உறைத்திருக்கும். தெரியவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. அது இன்னும் கேவலம்.

நீண்டகாலம், நீண்டகாலம் என்கிறாயே, அது எந்தத் தெருவில் இருக்கிறது? அம்மா காலத்திலும் இதையேதான் சொன்னார்கள். இன்றைக்கு வயிற்றைக் கட்டினால் நாளைக்கு நல்ல மிஷின் என்று. அம்மா கட்டினாள். நான் கட்டினேன். அந்த மிச்சமெல்லாம் எங்கே போய் மிஷினாக நிற்கிறது என்று காட்டு, ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தேய்மானம் என்ற வார்த்தையை உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். இரும்பு தேய்ந்தால் கழிக்க ஓர் இடம் வைத்திருக்கிறீர்கள். நல்லது. எண்ணெய்க்காரிக்கு இடது காது செத்துப் பல காலம் ஆயிற்று. இடி ஏன் கத்துகிறார் தெரியுமா? தன் குரலே தனக்குக் கேட்பதில்லை. இதையெல்லாம் எங்கே கழித்தீர்கள்? மிஷினுக்குத்தான் மதிப்பு பூஜ்யம் என்று நினைத்தேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் அதையேதான் போட்டிருக்கிறீர்கள்.

பதில் எழுதவேண்டாம்.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் தங்கச்சியும் சௌக்கியமா? உன் அக்காவுக்குத் தெரியாமல் ஸ்டோரில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு உங்களை மாதிரி எழுத வராது.

கோபத்தில் அவள் எல்லார் காதைப் பற்றியும் எழுதியிருப்பாள். தன்னுடையதை எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. மூன்று வருஷம் இருக்கும். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம் என்றாள், அப்புறம் மற்றவர்கள் பேசுவதும் கேட்காமல் போயிற்று. டாக்டரிடம் காட்டினோம். மிஷின் சத்தத்தால் ஆனது, போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார். நேரே முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதனால்தான் போனுக்கு வருவதில்லை. பெண்ணுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆலையில் சொல்லமுடியாது. காது கேட்காதவர்களை மிஷினில் நிறுத்தக் கூடாது என்று விதி. வெளியே குப்பை பெருக்க அனுப்பிவிடுவார்கள், பாதிக் கூலி. அங்கே மிஷின் சத்தத்தில் எல்லோரும் கையால்தான் பேசுவோம், அதனால் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மிஷின் சரியாக ஓடுகிறதா என்று உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்துச் சொல்வாள். மூடி போட்ட மிஷின் வந்துவிட்டால் இருக்கிற மிச்சமாவது தங்கும் என்று நினைத்திருந்தோம். உன் ஆட்கள் வந்த வாரத்தில் அவள் ஒரு நாள்கூடப் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சை அடிக்கடி சரி செய்தால் நேரம் போகுமாம்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதினேன். அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் அத்தான்

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். பார்சலோடு ஒரு காகிதமாவது வேண்டுமே என்று எழுதுகிறேன். நலமாக இரு.

இங்கே ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். காதில் மாட்டும் மிஷின் ஒன்று விற்றார்கள். நல்ல கம்பெனி. வயதாகிக்கொண்டு போகிறது, யாருக்காவது உபயோகப்படும் என்று வாங்கினேன். எண்ணெய்க்காரிக்கு வேண்டுமென்றால் கொடு. அல்லது நீயே சும்மா மாட்டிப் பார். பேட்டரியும் வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதை எல்லாம் படித்தேன். பல தடவை.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். பார்சல் வந்தது. கண்காட்சியாம்! சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. அத்தான் முகத்தைப் பார்த்தேன், அவர் போய்ச் சாணைக்கல்லைத் துடைக்க ஆரம்பித்தார். சரி, தெரிந்துவிட்டது. ஆமாம், எனக்குக் காது கேட்காது.

அதை மாட்டிக்கொண்டேன். வீட்டில்தான், சாயங்காலம். முதலில் வெறும் இரைச்சல். பிறகு உன் மருமகள் எதிரில் வந்து உட்கார்ந்து மெதுவாக, "அம்மா, கேக்குதா?" என்றாள். அவள் குரல் மாறிப்போயிருக்கிறதடா. நான் கடைசியாகக் கேட்டது கீச்சுக் குரல். இது பெரிய மனுஷியின் குரல், கொஞ்சம் அம்மாவின் சாயல். எப்போது மாறியது என்று கேட்டேன். "எனக்கே தெரியலம்மா" என்றாள். ஒரு பிள்ளையின் குரல் மாறியதுகூடத் தெரியாமல் ஒரு தாய் அதே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அதை எண்ணெய்க்காரிக்குக் கொடுத்தேன். அவள் மாட்டிப் பார்த்தாள். அவளிடமிருந்து இடி வாங்கினார். கையால்தானே பேசுகிறோம், விஷயம் ஒரு நொடியில் பரவிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வரிசை நின்றுவிட்டது தம்பி, சாணைக்கல்லுக்கு நிற்கிற மாதிரி. யார் யாரெல்லாம் நின்றார்கள் என்று நினைக்கிறாய்? நேற்றுக் கல்யாணம் ஆன பெண்ணும் நின்றாள். ஒவ்வொருவரும் இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் என்று மறைத்து வைத்திருந்தார்கள். நான் மறைத்த மாதிரியே.

அதைத் திருப்பி அனுப்புகிறேன். என் ஒருத்திக்கு இது அன்பு. அந்த வரிசைக்கு முன்னால் இது அவமானம். மிஷின் கேட்டோம், மிஷின்தான் அனுப்பியிருக்கிறாய், ஒன்றே ஒன்று, காதில் மாட்ட. என் பெண்ணின் குரலை ஒரு சாயங்காலம் கேட்டேன். அது போதும் என்றெல்லாம் பெருந்தன்மை பேசமாட்டேன். போதாது. ஆனாலும் எடுத்துக்கொள்.

செய்ய நினைத்தால் ஒன்று செய். நீங்கள் அளந்த வாரம் சாதாரண வாரம் அல்ல என்று எழுதிக் கொடு. அவ்வளவுதான். இந்த மாதத்திலிருந்து அந்த எண்ணைத் தொடாதவர்களுக்குக் கூலியில் பிடிக்கிறார்கள். தொட்டவர் இதுவரை யாருமில்லை.

அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆலையை நிறுத்திவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டோம். இங்கே பெரிய பரபரப்பு. நாட்டில் முதலிடம் என்று அமைச்சர் மேடையில் படித்த ஆலை நின்றுவிட்டால் எப்படி?

உங்களிடம் பேச என்னைத்தான் அனுப்புகிறார்கள். "உங்க வீட்டு ஜனங்கதானே, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று இயக்குநர் சொன்னார். வியாழக்கிழமை வருகிறேன். அளவை இப்போது மாற்றமுடியாது, புத்தகம் அச்சாகிவிட்டது. மற்ற எண்களெல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. ஆனால் கூலிப் பிடித்தத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட வைக்கலாம் என்று நினைக்கிறேன். நீ நாலு பேரைக் கூப்பிட்டு வை. உன் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.

நீ கேட்ட அந்த விஷயம் என் மனதில் இருக்கிறது. அதையெல்லாம் கடிதத்தில் எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் தம்பி

*

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

பயணத்தில் முதுகைப் பார்த்துக்கொள். ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தால் நல்லது.

இங்கே ஆலை நின்றுதான் இருக்கிறது. அன்றைக்குக் காலை எல்லா மிஷினையும் ஒரே சமயத்தில் அணைத்தோம். அப்படி ஓர் அமைதியாம். தகரக் கூரை மேல் குருவி நடப்பதுகூடக் கேட்டதாம். கேட்க முடிந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மேனேஜர் ஓடி வந்து என்ன காரணம் என்று கேட்டார். நான் பெஞ்சு மேல் ஏறி, "எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமா கேக்காது. என்னைக் குப்பை பெருக்க அனுப்புறதுன்னா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். கத்திச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. எண்ணெய்க்காரி பக்கத்தில் வந்து நின்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இடி. பிறகு அந்தப் புதுப்பெண். அத்தனை பேரையும் பெருக்க அனுப்ப அவர்களிடம் அத்தனை துடைப்பம் இல்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை. கூலியும் இல்லை. உன் மருமகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருந்ததில் சாப்பிடுகிறோம். நீ எழுதுவாயே, இன்றைக்குக் குறைத்து நாளைக்கு என்று, அதை மறுபடியும் செய்துகொண்டிருக்கிறோம். இந்தத் தடவை யாருக்காக என்று எங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வா. என் தம்பியாக வருவதென்றால் நேரே வீட்டுக்கு வா. சாப்பாடு இருக்கும், பாய் இருக்கும், உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். துறை அனுப்பிய ஆளாக வருவதென்றால் ஆலை வாசலுக்கு வா. எல்லோரும் அங்கேதான் இருப்போம். நாலு பேரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாய். எல்லோரையும் வைத்திருக்கிறேன்.

நேரில் பேசிக்கொள்ளலாம் என்கிறாய். அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு நீ பேசுவது கேட்காது. எனக்கு ஒன்றுமே கேட்காது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு வா.

உன் அக்கா